தோசை மாஸ்டரை யாரும் விரட்டவில்லை

நம்ம கடை வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் கொஞ்ச நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். தோசை முன்பு மாதிரி இல்லை, காப்பி வர நேரமாகிறது என்று எழுதியிருக்கிறார்கள். சரி, தோசை கொஞ்சம் தடித்துத்தான் வருகிறது, கல்லில் நிற்பது புது ஆள், கை பழகிவிடும். ஆனால் கடைசியில் 'சம்பளம் கேட்ட மாஸ்டரை முதலாளி துரத்திவிட்டார்' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்களே, அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாஸ்டருக்கு ஒரு மாசம்கூடச் சம்பளம் பாக்கி வைத்ததில்லை. பி.எஃப். ஒழுங்காகக் கட்டியிருக்கிறோம், தீபாவளி போனஸ் தனி. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம்கூடக் கழிந்து, கணக்குத் தீர்த்துக் கைநிறைய வாங்கிக்கொண்டுதான் போனார். போகும்போது "அண்ணாச்சி, சம்பளம் இல்ல பிரச்சினை, காலு தாங்கல்ல" என்றார். காலை 6 முதல் 11 வரை அனல் அடிக்கிற கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும், சாயங்காலம் 5 மணிக்கு மறுபடி வந்தால் இரவு 9. கூட்டிப் பார்த்தால் 9 மணி நேரம்தான், ஆனால் மனுஷனுக்கு நாள் முழுக்கப் போய்விடுகிறது. நடுவில் திங்கள்சந்தைக்கு பஸ் ஏறி வீட்டுக்குப் போய் வருவாரா, மாடியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுப்பாரா? இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு ஹோட்டலில் இருக்கிறார். சம்பளம் பெரிதாகக் கூடவில்லை என்று அவரே போனில் சொன்னார். ஒரே ஷிப்ட், தங்க ரூம் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கஷ்டம் நம்ம கடைக்கு மட்டும் இல்லை. நீங்கள் காலையிலும் ராத்திரியிலும்தான் டிபனுக்கு வருகிறீர்கள், அதனால் ஹோட்டல்காரன் ஆளையும் இரண்டாக வெட்டித்தான் வேலை வாங்குகிறான். கார்த்திகை பிறந்து ஐயப்ப சீசன் தொடங்கிவிட்டால் கன்னியாகுமரி லாட்ஜ்களும் ஹோட்டல்களும் நாள் கூலியும் டிப்ஸும் காட்டிச் சப்ளையர்களை இழுத்துக்கொள்கின்றன. 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அங்கே கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்.

பார்சல் கட்டும் பையன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதை ஒருவர் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. அந்த ஸ்டூலை வாங்கிப் போட்டது நான். அது அங்கேயேதான் கிடக்கும். அப்புறம், அசாமிலிருந்து வந்த டேபிள் கிளீனர் பையனைப் புரியாது என்று நினைத்துத் திட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல், அவனுக்கு இப்போது எல்லாம் புரிகிறது.

பழைய ஆள் ஒருவர் போனால் கூடவே என்ன போகிறது என்று எனக்குத் தெரியும். யாருக்கு ரசவடை நன்றாக ஊற வேண்டும், யாருக்கு ரசம் தனியாக வேண்டும் என்று கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறவர்கள் அவர்கள். மிச்சமிருக்கிறவர்களையாவது விடக் கூடாது என்றுதான் இந்த மாதம் முதல் எல்லோருக்கும் ஒரே ஷிப்ட் போட்டிருக்கிறோம், காலை ஆள் வேறு, மாலை ஆள் வேறு. வார லீவை முறை வைத்துக் கொடுக்கிறோம். இதனால் மதியம் 3 மணியிலிருந்து 4.30 வரை டிபன் கிடையாது, ரசவடைக்கு 2 ரூபாய் கூடியிருக்கிறது.

அந்தச் செய்தி வந்த பிறகும் வழக்கம்போல வந்து, தடித்த தோசையை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, "மாஸ்டர் நல்லா இருக்காரா?" என்று மட்டும் கேட்டுப்போனவர்கள் நிறையப் பேர். அப்பா காலத்திலிருந்து வருகிற குடும்பங்கள் உண்டு. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தெரிந்த தோசை மாஸ்டர் யாராவது இருந்தால் கல்லாவில் வந்து சொல்லுங்கள். மாடியை ஒதுக்கிக் கட்டிலும் ஃபேனும் போட்டிருக்கிறோம், அரிசி மூட்டை இப்போது கீழே.

உங்கள் கடைக்காரன்