பெஞ்சிலிருந்து இறங்கிய ஜினோபிலி

அன்பு மகள் மலருக்கு,

நேற்று நீ போனில் பேசியது உன் அம்மாவுக்கு அழுகையாகக் கேட்டதாம். எனக்குக் கோபமாகத்தான் கேட்டது. முதல் ஐந்து பேரில் இறக்காத கூடைப்பந்து டீமில் எதற்கு இருக்க வேண்டும் என்கிறாய். மானு ஜினோபிலியைக் கொஞ்சம் பார்.

அர்ஜென்டினாவில் பாஹியா பிளாங்கா ஊர்க்காரர். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1999 டிராஃப்டில், 58 பேரில் 57-வதாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை எடுத்தது. இத்தாலியில் ஆடி, 2001-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோலீக் ஜெயித்து, 2002-ல்தான் அமெரிக்கா போனார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் அர்ஜென்டினா 89-81 என்று அமெரிக்காவைச் சாய்த்ததே, அதில் 29 புள்ளி இவருடையது. தங்கமும் வந்தது. அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் ஸ்பர்ஸ் கோச் பாப்போவிச் பெஞ்சில் உட்காரவைத்தார்.

ஸ்பர்ஸின் மற்ற நட்சத்திரங்களான டங்கனும் பார்க்கரும் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அவர்கள் மூச்சு வாங்க வெளியே வரும் நேரம் எதிரணியும் இரண்டாம் வரிசையை இறக்கும். அப்போது ஜினோபிலி உள்ளே போனால் பந்து அவர் கையில்தான். 2007-08-ல் 74 ஆட்டத்தில் 23-ல் மட்டுமே தொடக்கத்தில் இறங்கினார், சராசரி 19.5 புள்ளி! பெஞ்சிலிருந்து இறங்குபவர்களில் சிறந்தவருக்குத் தரும் ‘ஆறாவது ஆட்டக்காரர்’ விருதும் அவருக்கே. 2018-ல் ஓய்வு பெறும்வரை ஆடிய 1,057 ஆட்டங்களில் முதல் ஐந்தில் இருந்தது 349-ல்தான். நான்கு சாம்பியன் பட்டம், 2022-ல் கூடைப்பந்து ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம். (ஆட்டத்தின் நடுவே உள்ளே பறந்த வௌவாலைக் கையால் அடித்து வீழ்த்திவிட்டு ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டவரும் இவர்தான். அதில் மட்டும் அவரைப் பின்பற்றாதே.)

பெஞ்சும் பெருமைதான் என்று உன்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. ஆட்டம் இழுபறியாகும்போது பாப்போவிச் ஜினோபிலியைத் தேடினார். அந்த நேரத்தில் உன் கோச் யாரைத் தேடுகிறார்? அதை நீ சொல்லவே இல்லையே. உன்னைத்தான் என்றால், யார் முதலில் இறங்கினால் என்ன? கடைசிக் கட்டமான நாலாவது குவார்ட்டரிலும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அது வேறு கதை. சீசன் முடியட்டும், வேறு டீம் பார்க்கலாம். பேச நானே வருகிறேன்.

அடுத்த ஆட்டத்து ஸ்கோர் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. முட்டிக்கு ஐஸ் வைக்கிறாயா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா