பிஸ்மத் ஃபெரைட் பெல்லட்டுகள் காந்தத்தில் ஒட்டுவது குறித்துப் புகார்

வணக்கம். உங்களிடம் வாங்கிய பிஸ்மத் ஃபெரைட் (பிஸ்மத், இரும்பு, ஆக்சிஜன் சேர்ந்த பொருள்) பெல்லட்டுகள், அதாவது அழுத்திச் சுட்ட சிறு வில்லைகள் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். போனில் பேசிப் பேசி அலுத்துவிட்டது, இனி எல்லாம் எழுத்தில்தான்.

பெல்லட் காந்தத்தில் ஒட்டுகிறது என்று உங்கள் சேவைப் பிரிவில் சொன்னேன். "ஒட்டுதா? அப்ப நல்ல சரக்குதான் சார், வேற என்ன வேணும்?" என்று சிரித்தார் ஒருவர். மல்டிஃபெரோயிக் (காந்த ஒழுங்கும் மின் ஒழுங்கும் ஒன்றாக உள்ள பொருள்) என்று லேபிள் போட்டு விற்பவர்களுக்கு பிஸ்மத் ஃபெரைட் ஒரு ஆண்டிஃபெரோமேக்னெட் என்று தெரியாதா? அதில் பக்கத்துப் பக்கத்து இரும்பு அயனிகளின் ஸ்பின்கள், அதாவது அணு அளவிலான குட்டிக் காந்தங்கள், எதிரெதிராக நின்று கழிந்துபோகும், மிஞ்சும் துளியும் 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்றாகச் சுழல்வதில் இல்லாமல் போகும். சாதாரணக் காந்தத்தில் 'டக்'கென்று ஒட்டினால் உள்ளே வேறு இரும்பு ஆக்சைடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அவர் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

எக்ஸ்ஆர்டியிலும் (எக்ஸ்-கதிர் சோதனை) வேண்டாத ஃபேஸ்களின், அதாவது உள்ளே கலந்துவிட்ட வேறு சேர்மங்களின் கோடுகள். சூளையில் பிஸ்மத் ஆவியாகிப் போவது இந்தப் பொருளில் ஊரறிந்த தொல்லை, அதைக் கவனிக்கத்தானே உங்களுக்குக் காசு கொடுத்தது? வோல்டேஜ் ஏற்றினால் கசிவு மின்னோட்டம் மட்டும்தான் வருகிறது. வோல்டேஜை ஏற்றி இறக்கி மின்னூட்டத்தை அளந்தபோது வந்த அந்த உப்பிய லூப்பைப் பார்த்துவிட்டு "ஃபெரோஎலக்ட்ரிக் தெரிகிறதே" என்று, அதாவது மின்புலத்தால் திருப்பக்கூடிய உள் மின்முனைவு இருக்கிறது என்று, மெயில் போடுகிறார் உங்கள் டெக்னிக்கல் ஆள். வாழைப்பழத் தோலில் அளந்தாலும் இப்படித்தான் வரும் என்று 2008இலேயே இயற்பியலாளர் ஜே. எஃப். ஸ்காட் கட்டுரை எழுதிக் காட்டிவிட்டார். நான் பழக்கடைக்கே போயிருப்பேனே!

நேரில் வரச் சொன்னீர்கள் என்று லீவு போட்டு, மழையில் பார்சலோடு வந்தால், சார் வெளியே போயிருக்கிறார், பார்சலை வாங்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு மல்டிஃபெரோயிக்கான டெர்பியம் மாங்கனைட்டில் ஃபெரோஎலக்ட்ரிக் தன்மை பார்க்க 28 கெல்வினுக்குக் கீழே போகணும், எங்களிடம் அந்த வசதி இல்லை. அறை வெப்பநிலையில் காந்தம், மின் இரண்டு ஒழுங்கும் சேர்ந்து இருப்பது என்று பார்த்தால் பிஸ்மத் ஃபெரைட்தான் கிடைத்தது, மின்புலத்தால் காந்த ஒழுங்கைத் திருப்பிப் பார்ப்பதே என் ஆராய்ச்சி. இப்போது முனைவர் பட்டம், கைடிடம் இருந்த மரியாதை, எல்லாமே போச்சு.

தயவுசெய்து சுத்தமான பெல்லட்டுகளை எக்ஸ்ஆர்டி, கசிவு அளவீடுகளோடு மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், எங்கள் கொள்முதல் பிரிவிலும் உங்கள் பெயரை நீக்கச் சொல்வேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது. பில் நகலும் அளவீடுகளும் இணைத்துள்ளேன். அந்த மெயிலையும்தான்.

இப்படிக்கு,
பில்லில் பெயர் உள்ள வாடிக்கையாளர்