எருக்கஞ்செடி குப்பை இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காவின் பின்மதில் ஓரம், வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும் செடிகள் இருக்கும் இருபதடி இடத்தைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். பழைய கதையை விரிக்கவில்லை. இரண்டு மனுக்களும் உங்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, ஒப்புகைச் சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை யாரோ பெரியவர் வருகிறார் என்று பூங்காவைச் சுத்தம் செய்தார்கள். எருக்கு, ஆமணக்கு, கிலுகிலுப்பை, ஆடுதின்னாப்பாளைக் கொடி எல்லாம் அரை மணி நேரத்தில் போயின. கறிவேப்பிலைக் கன்று மட்டும் தப்பியது, குழம்புக்கு ஆகும் என்று விட்டிருப்பார்கள். வெட்டிய அண்ணன்மேல் எனக்கு வருத்தமில்லை. புதரை எடு என்றார்கள், எடுத்தார்.

அந்தப் புதரில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினான்கு பேர் ஞாயிறுதோறும் கூடுவார்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, எருக்கிலையின் அடியில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் முட்டையைக் கண்டுபிடித்தாள். கடுகளவுதான் இருக்கும். பொரிந்த புழு முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டையே தின்றதை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அப்புறம் தினமும் பள்ளி விட்டு வந்து, இலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நோட்டில் வரைந்தாள். புழு தலைகீழாகத் தொங்கிப் பச்சைக் கூடானது, அதில் பொன் புள்ளிகள். திங்கள் மாலை கூடு கறுத்து, உள்ளே ஆரஞ்சுச் சிறகு தெரிந்தது. மறுநாள் காலை வெளியே வந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். ஆறரை மணிக்கு அம்மாவையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஆறு மணிக்கே மெஷின் வந்து போயிருந்தது.

"குப்பை வண்டியில தேடலாமா?" என்று கேட்டாள். தேடினோம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: அந்த இருபதடியை வெட்டாதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள், கூடுகளை இலையோடு எடுத்துக்கொள்கிறோம்.

வண்ணத்துப்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும், ஆனால் கண்ட இலையில் முட்டையிடாது. வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும், எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையோ வில்வமோ வேண்டும். ரோஜா அழகிக்கோ ரோஜாச்செடி ஆகாது, ஆடுதின்னாப்பாளைதான். நீங்கள் வரிசையாக நட்டிருக்கும் குரோட்டன்ஸில் எங்கள் பிள்ளைகள் இதுவரை ஒரு முட்டைகூடப் பார்த்ததில்லை.

நுழைவாயிலில் இரும்புத் தகட்டில் ஆளுயர வண்ணத்துப்பூச்சிச் சிறகு வைத்திருக்கிறீர்கள், நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள. அழகாகத்தான் இருக்கிறது. அதற்கு எருக்கும் தேவையில்லை, கொசுப் புகையும் அதை ஒன்றும் செய்யாது. பராமரிப்புக்கு வசதியான ஜாதி.

2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பறப்பது. ஸ்ரீரங்கத்தில் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, அதற்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். ஒரு நாள் சுற்றுலாவில் முட்டை புழுவாவதைப் பார்க்க முடியாது, ஐயா. அதற்குத் தினமும் நடந்து போகிற தூரத்தில் ஒரு செடி வேண்டும்.

மேலே கொசுப் புகை என்றேனே, அதில் ஒன்று நினைவுக்கு வருகிறது. டெங்கு பயம் எங்களுக்கும் உண்டு, மருந்தே அடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உடைந்த நீரூற்றுத் தொட்டியில் மழைத்தண்ணீரை மாதக்கணக்கில் தேங்கவிட்டு, பூத்திருக்கும் செடிகள்மேல் புகை அடிப்பது எந்தக் கணக்கு? கொசு தொட்டியில் பெருகுகிறது, சாவது தேனீ. சரி, அது வேறு மனு.

இப்போதைக்கு அந்த இருபதடி மட்டும். கம்பி வேலி கேட்கவில்லை, நிதியும் கேட்கவில்லை. 'வெட்ட வேண்டாம்' என்று ஒப்பந்ததாரருக்கு ஒரு வரிக் கடிதம் போதும். கோபத்தில் வார்த்தை ஏதேனும் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடியோடு வெட்டிய எருக்கு நேற்று கட்டையிலிருந்து துளிர்விட்டிருக்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி வெள்ளையடித்த கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அடுத்த முறை மெஷின் வருவதற்குள் தயவுசெய்து அந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பின்மதில் தெருவில் குடியிருக்கும் ஒருவர்