செருப்பு விடும் இடத்தில் நாற்காலி போட்ட அக்காவுக்கு

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும்,

அப்பா தவறிப்போனது உங்களுக்குத் தெரியும், நடந்ததைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. காரியம் முடிந்து உறவுகளெல்லாம் ஊர் திரும்பியாயிற்று. ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொல்லும் தெம்பு இன்னும் வராததால் இந்த மடல்.

முதல் நன்றி இரண்டாம் மாடி அக்காவுக்கு. பால் தெளித்துவிட்டு வந்த அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, எங்கள் வாசலில் செருப்பு விடும் இடத்தை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். துக்கம் கேட்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் கேட்பது, "எப்படிம்மா ஆச்சு?" கேட்கிறவருக்கு அது ஒரு தடவை. அம்மாவுக்கோ வருகிற ஆளுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியை அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். என்ன ஆச்சு, எப்போது ஆச்சு, பதினாறாம் நாள் எங்கே என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "உள்ள போய் அதைக் கேக்காதீங்க. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா சும்மா பக்கத்துல உக்காருங்க" என்பார். அப்படித்தான் அப்பாவின் கேன்டீன் சீட்டாட்டக் கதைகளெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தன.

ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார். மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார். ரயிலைப் பிடிக்க வேண்டிய வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அம்மாவின் செல்போனும் அவரிடமே இருந்தது. யார் கூப்பிட்டார்கள், என்ன உறவு, திருப்பிக் கூப்பிட வேண்டுமா என்று ஒரு நோட்டில் எழுதி ராத்திரி எங்களிடம் கொடுப்பார். வாசலில் என்ன காவல் என்று முகம் சுளித்த பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார வைத்ததும் அவர்தான். ஒப்பாரி வைத்துக்கொண்டே படியேறி வந்த பெரியம்மாக்களை மட்டும் அவர் தடுக்கவே இல்லை. கட்டிக்கொண்டு அழுதபோதுதான் அம்மாவுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. "அழாதே" என்று சொல்ல வந்தவர்களைவிட அவர்கள் செய்தது பெரிய உதவி.

பதினாறு வரைக்கும் கூட்டம் இருக்கும். பதினேழாம் நாள்தான் வீடு உண்மையில் காலி. அன்றிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா ஒரு முருங்கைக்கீரைக் கட்டோடு வருகிறார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முறத்தில் ஆய்கிறார்கள். கை வேலையாக இருக்கிறது, கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு வந்தால் வருகிறது. முருங்கைக்கீரை என்பதிலும் கணக்கு இருக்கிறது. அரைக்கீரை என்றால் சட்டென்று முடிந்துவிடும். இனி இந்தத் தெருவில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் வாசல் நாற்காலி எங்கள் பொறுப்பு.

அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் சேர்த்து நன்றி. எல்லாரும் மதியமே சாம்பார் சாதம் அனுப்பினால் சென்னை வெயிலில் ராத்திரிக்குள் ஊசிப்போகும். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரிக்குத் தயிர் சாதம் என்று முறை போட்டுப் பிரித்துக்கொண்டீர்கள். பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி விட்டுப் பிசைந்திருந்ததால் ராத்திரி வரை புளிக்கவே இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால் மயக்கம் வரும் என்று, அம்மா நாலு வாய் சாப்பிட்ட பிறகே மாத்திரையை எடுத்துக் கொடுத்த சித்திக்கும், ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, நாற்காலி, வண்டி என்று எங்களைக் கேட்காமலே பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும் நன்றி.

மாநகராட்சி வேலையைப் பார்த்துக்கொண்ட மாமாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். படிவம் எழுதும்போதே ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ஓய்வூதியப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்து, பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கத்தான் யாருக்கும் தோன்றாது. சான்றிதழில் ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றிதழிலிருந்து வங்கிக் கணக்குவரை எல்லாம் நின்றுவிடும். மாமா பார்த்தார்.

இன்னொன்று. பேர் வெட்டின பாத்திரங்களை அந்தந்த வீட்டுக்குப் பையன் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். பேர் இல்லாத பெரிய தூக்கு இரண்டு, ஹாட்பாக்ஸ் ஒன்று, மூடி இல்லாத எவர்சில்வர் டப்பா ஒன்று மாடிப்படி திருப்பத்தில் இருக்கின்றன. துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடும்பத்தார்