கயலுக்கு, வகுப்புக்கு முன்னால்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள கயல்,

மே மாத லீவில் வரும்போது நம் தெரு மாடி ஹாலில் நியூரோகிராபிக் கோட்டு ஓவியம் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டாய். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர்கள், நைட் டியூட்டி பார்க்கும் நர்சுகள் என்று எல்லாரும் கலந்துதான். எல்லாருடையதும் வேகத்துக்குப் பழகின கை. பீடிக்குக் கூலியே ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதானே! அந்தக் கையை ஒன்றரை மணி நேரம் மெதுவாக நகர வைத்துவிட்டாய் என்றால் வகுப்பு நன்றாக நடந்த மாதிரி. படம் எப்படி வந்தாலும் சரி.

வளைந்து வளைந்து போகிற கோடுகளைப் போட்டு, அவை ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் வரும் மூலைகளை வளைவாக மழுக்கி, மேலே வட்டம் போட்டு நிறம் தீட்டுகிற இந்த முறையை 2014-ல் உருவாக்கியவர் பாவெல் பிஸ்கரியோவ் என்ற ரஷ்ய உளவியலாளர். அதைக் கற்பிக்க அவர் தரப்பில் தனியாகப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகிறார்கள். நீ அந்தச் சான்றிதழ் வாங்கவில்லை. அதனால் முதலிலேயே, "இது அந்த முறையிலிருந்து எடுத்த கோட்டுப் பயிற்சி, மனசை ஆற்றிக்கொள்ள வரைகிறோம்" என்று சொல்லிவிட்டு ஆரம்பி. மூளையில் புது நரம்புப் பாதை உண்டாகும், நினைத்தது நடக்கும் என்று வீடியோக்களில் பேசுகிறார்கள். அதை நீ சொல்லாதே. ஆஸ்பத்திரி ஊர் இது, வந்து உட்காரப் போகிறவர்களில் நர்சுகளும் இருக்கிறார்கள். கண் ஒரே இடத்தில் நிற்கிறது, கை நிதானமாகப் போகிறது, மூச்சும் கூடவே நிதானத்துக்கு வருகிறது. இதைச் சொன்னால் போதும், இதை அவர்களே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். ஏ4 டிராயிங் ஷீட் இருபது வாங்கிப் பாதியாக வெட்டி வைக்கிறேன். நாற்பது ஏ5 துண்டு கிடைக்கும், ஆளுக்கு மூன்று போக நான்கு மிச்சம். முதல் வகுப்புக்கு ஏ4 முழுத்தாளைக் கொடுத்துவிடாதே. தாள் பெரிதானால் கோடு கூடும், கோடு கூடினால் மூலை கூடும், முடிக்கிறதற்குள் சலித்துவிடுவார்கள். தாளின் கனம் 140 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல் இருக்கட்டும். ஜெராக்ஸ் தாளில் ஒரே இடத்தில் பேனா இரண்டு தரம் போனால் மை ஊறிப் பின்பக்கம் தெரியும், மூன்றாம் தரம் தாள் நைந்துவிடும். வழவழப்பான சார்ட் பேப்பரும் வேண்டாம், அதில் மை சீக்கிரம் காயாது, உள்ளங்கை பட்டால் இழுவிக்கொள்ளும்.

பேனாதான் முக்கியம். காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாத பிக்மென்ட் மை உள்ள ஃபைன்லைனர் என்கிற மெல்லிய முனைப் பேனா, 0.8 முனை, பதினான்கு வாங்கி வா. இங்கே லாங்கு பஜாரில் 0.4, 0.5 கிடைத்துவிடும், 0.8 ஒரே கடையில் பதினான்கு சேருமா என்பது சந்தேகம். ஜெல் பேனா மூலையில் குளம் கட்டும். பால் பேனாவால் கோடு போடலாம், மூலையை நிரப்ப முடியாது, அங்கங்கே வெள்ளை விட்டுப்போகும். பர்மனென்ட் மார்க்கர் தாளைத் துளைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போகும், மூடிய அறையில் வாசனையும் தலைவலி தரும். நிறத்துக்கு ஸ்கெட்ச் பேனா வேண்டாம், ஈரம் பட்டுப் பட்டுத் தாளில் திரி எழும்பும். கலர் பென்சில் 24 நிறப் பெட்டி நான்கு இருந்தால் மூன்று பேருக்கு ஒன்று வரும். ஷார்ப்னர் நாலாவது இருக்கட்டும்.

கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுகிறது, மாடி ஹால் எப்படிக் கொதிக்கும் என்று உனக்கே தெரியும். அதனால் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்துவிடு. ஃபேன் போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டால் தாள் பறக்கும். ஆளுக்கொரு பரீட்சை அட்டை கொண்டுவரச் சொல், கிளிப்பில் தாள் நிற்கும், தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்களுக்கு மடியில் மேசையாகவும் ஆகும். மை காய்வதற்குள் கை வியர்வை பட்டால் பரவும். அதற்கு உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டே வரைய வேண்டும். நாற்பது வயது தாண்டினவர்களைப் படிக்கிற கண்ணாடியோடு வரச் சொல். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாதி வகுப்பில் "கண்ணு தெரியலம்மா" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

முதல் துண்டு, கோட்டுக்கு மட்டும். தாளின் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து இன்னொரு ஓரத்தில் வெளியேறுகிற கோடு. நடுவில் எங்கும் நிற்கக்கூடாது, போன வளைவையே திரும்பப் போடக்கூடாது. ஏ5 தாள் 21 சென்டிமீட்டர் நீளம். அதைக் கடக்க ஒரு கோட்டுக்கு ஒரு முழு நிமிடம் ஆகட்டும், நீ கடிகாரத்தைப் பார்த்துச் சொல். முதல் கோட்டை எல்லாரும் பத்து நொடியில் முடித்துவிடுவார்கள். திட்டாதே, இரண்டாவதைப் போடச் சொல்.

இந்த இடத்தில் நன்றாகக் கோலம் போடுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுவார்கள். சிக்குக் கோலத்தில் புள்ளி வழி காட்டுகிறது, கோடு புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்து கிளம்பின இடத்திலேயே முடிகிறது, இந்தப் பக்கம் போட்டதை அந்தப் பக்கமும் போட்டால்தான் மனசு சமாதானமாகும். இங்கே புள்ளியும் இல்லை, ஜோடியும் இல்லை. மார்கழி முழுக்க வாசலில் பழகின கை தானாகவே ஒரே அளவு அலை போட ஆரம்பிக்கும், இடப்பக்கம் ஒரு வளைவு வந்தால் வலப்பக்கமும் ஒன்று தேடும். வாயால் சொல்லித் திருத்த முடியாது. ஒவ்வொரு கோடு முடிந்ததும் தாளைக் கால் சுற்று திருப்பச் சொல். தாள் திரும்பினால் எது இடம் எது வலம் என்ற கணக்கு குழம்பிவிடும், கோடு தன் போக்கில் போகும். சின்னச் சின்னச் சுழியாகப் போடுகிறவர்களைக் கவனித்துக்கொள். ஒரு சுழிக்குள் ஒரு ரூபாய் காசு நுழைய வேண்டும், அதைவிடச் சின்னது வேண்டாம்.

இரண்டாவது துண்டில்தான் உண்மையான படம். நான்கு கோடு, அவ்வளவே. அதற்குள் பதினைந்து இருபது இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டியிருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் நான்கு மூலை, ஆக இருபது வெட்டு என்றால் எண்பது மூலை. ஒரு மூலைக்கு இருபது நொடி என்று வைத்தாலும் முழுசாக இருபத்தேழு நிமிடம். இந்த நேரத்தைத்தான் நீ காப்பாற்ற வேண்டும், கயல். நேரம் இழுத்துவிட்டது என்றால் நிறத்தைக் குறை, வட்டத்தைக் கூட விட்டுவிடு, மூலைக்கு ஒதுக்கினதில் கை வைக்காதே. கோடு போடுவது கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கும், நிறம் தீட்டும்போது பக்கத்துத் தாளைப் பார்க்கத் தோன்றும். மனசு இறங்கி உட்காருகிறது மூலையில்தான்.

மூலையை எப்படி மழுக்குவது என்பதை ஹால் போர்டில் பெரிதாக ஒரே ஒரு வெட்டு வரைந்து காட்டு. வெட்டின இடத்திலிருந்து ஒரு கோட்டில் அரை சென்டிமீட்டர் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கோட்டோடு ஒட்டியபடியே கிளம்பி, மெல்ல உள்பக்கம் குழிந்து, அடுத்த கோட்டில் அதே அளவு தள்ளி, அந்தக் கோட்டோடு ஒட்டியபடியே போய்ச் சேர வேண்டும். பிறகு நடுவில் மிச்சமான சின்ன இடத்தைக் கறுப்பால் நிரப்ப வேண்டும். வேப்பமரத்தில் கிளை தண்டிலிருந்து பிரிகிற இடம் எப்படி இருக்கும், அப்படி இருந்தால் சரி.

தப்பு மூன்று விதமாக வரும். ஒன்று, இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு நேராக ஒரு சாய்கோடு இழுத்து முக்கோணமாக அடைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஒரு மூலை போய் இரண்டு மூலை வந்துவிடும். இரண்டாவது, வளைவு வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு மைச்சொட்டு விழுந்த மாதிரி ஆகிவிடும். மூன்றாவதுதான் கண்ணுக்குச் சட்டென்று படாது. கோடுகள் சாய்வாக வெட்டினால் இரண்டு மூலை கூராகவும் இரண்டு அகலமாகவும் இருக்கும். கூரானதை மட்டும் மழுக்கிவிட்டு அகலமானதை "இது ஏற்கெனவே வளைவாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். தூரத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இடம் முடிச்சு விழுந்த மாதிரி தெரியும். கூர் மூலைக்கு ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் நீளமாக நிரப்ப வேண்டும், அகல மூலைக்கு இரண்டு மில்லிமீட்டர் போதும், ஆனால் நான்கையும் தொட்டாக வேண்டும்.

வலக்கைக்காரர்கள் தாளின் மேல் இடது மூலையில் ஆரம்பித்துக் கீழே வரட்டும், இடக்கைக்காரர்கள் மேல் வலதிலிருந்து. இல்லாவிட்டால் தங்கள் கையாலேயே தங்கள் மையை அழிப்பார்கள். ஒரு மூலையை ஒரே மூச்சில் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்க வேண்டாம், தாள் முழுக்க ஒரு சுற்று லேசாக நிரப்பிவிட்டு, மை காய்ந்த பிறகு இரண்டாவது சுற்றில் தடிப்பாக்கினால் தாள் பிழைக்கும். பேனாவைப் பிடிக்கிற பிடியையும் பார். நகம் வெளுத்திருந்தால் இறுக்கிப் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேனாவை மூடி வைத்து விரலை விரிக்கச் சொல். மூடியில்லாமல் ஃபேனுக்கு அடியில் வைத்தால் முனை காய்ந்துபோகும்.

கை தவறிக் கோடு எங்காவது இழுத்துக்கொண்டு போனால் ஒயிட்னரைக் கேட்பார்கள். கொடுக்காதே. இழுத்த கோட்டை அப்படியே தாளின் ஓரம் வரைக்கும் கொண்டுபோகச் சொல், புதிதாக வெட்டின இடங்களை மழுக்கச் சொல். இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஷூ மேல்தோலில் ஒரு தையல் தப்பினால் பீஸ் ரிஜக்ட் ஆகிவிடுமே என்று நாள் முழுக்கப் பதறுகிறவர்களுக்குத் தப்பை அடுத்த கோடாக ஆக்கிக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல்.

அதற்கப்புறம் இரண்டோ மூன்றோ வட்டம், ஒன்று பெரிது, மற்றவை சிறிது, கோடுகளின் மேலேயே. அவை வெட்டுகிற மூலைகளையும் மழுக்க வேண்டும். நிறம் தீட்டும்போது குழந்தைகளின் கலரிங் புத்தகம் மாதிரி கட்டத்துக்கு ஒரு நிறம் என்று போனால் படம் துண்டு துண்டாகிவிடும். மூன்று நிறம் மட்டும் எடுக்கச் சொல். ஒரு நிறம் கறுப்புக் கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று கட்டத்துக்குப் பரவ வேண்டும், ஓரத்தில் அழுத்தம் குறைந்து அடுத்த நிறத்தோடு கலக்க வேண்டும். கடைசியில் தாளின் குறுக்கே ஓரம் முதல் ஓரம் வரை இரண்டு நீளமான தடித்த கோடு. நேரம் இல்லாவிட்டால் அதை அடுத்த வாரம் வைத்துக்கொள்.

மூல முறையில் மனசில் உள்ள ஒரு கவலையை எடுத்துக்கொண்டு அதை நினைத்தபடி சில நொடி வேகமாகக் கிறுக்கி, பிறகு அந்தக் கிறுக்கலை மழுக்குவார்கள். முதல் வகுப்பில் இது வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரே தெருக்காரர்கள், ஒருத்தர் வீட்டு விஷயம் இன்னொருத்தருக்குத் தெரியும், சபையில் கிளறினால் மூட முடியாது. யாராவது வரைந்துகொண்டே கண் கலங்கினால் ஏன் என்று கேட்காதே, தண்ணீர் கொடு, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வரட்டும். படத்தைப் பார்த்து "இது உங்க கோபம், இது உங்க பயம்" என்று பலன் சொல்லவே சொல்லாதே. தூக்கமே வரவில்லை, உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை என்று யாராவது உன்னிடம் தனியாகச் சொன்னால் கோடு போட்டு ஆற்ற முடியாது. அன்றைக்கே அவங்க வீட்டில் நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இன்னொன்று கண்ணு, "சூப்பரா இருக்கு" என்று யாரையும் பாராட்டாதே. ஒருத்தியைப் பாராட்டினால் மற்ற பதினொரு பேரும் அவள் தாளைப் பார்ப்பார்கள், கை வேகம் பிடிக்கும். "இந்த மூலை நல்லா உள்வாங்கியிருக்கு, அடுத்ததையும் இப்படியே" என்று வேலையைக் குறித்து மட்டும் சொல். நீயும் அவர்களோடு உட்கார்ந்து உன் தாளில் வரை. நீ நடந்துகொண்டே இருந்தால் ஹாலில் யாருக்கும் நிதானம் வராது. பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று எழுந்து பார்த்தால் போதும். பேச்சைக் குறை, பாட்டுப் போட வேண்டாம், தெருவில் காய்கறி வண்டி கத்துவது கேட்டால் கேட்கட்டும்.

மூன்றாவது துண்டை அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. தினம் பத்து நிமிடம், ராத்திரி பாத்திரம் கழுவி வைத்த பிறகு, ஒரு தாளையே நான்கு நாள் வைத்துக்கொண்டு நாளைக்கு இருபது மூலை என்று போடலாம். பேனாவைத் திருப்பி வாங்காதே, 0.8 பேனா வீட்டில் இல்லை என்றால் யாரும் தொடர மாட்டார்கள். அதற்கான காசை நான் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரியே காட்பாடியில் இறங்கிவிடு, அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். சனிக்கிழமை ஆறரைக்கு ஹால் சாவி வாங்கி வைத்திருப்பேன். பேனா வாங்கும்போது ஒவ்வொன்றையும் திறந்து ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிப் பார்த்து வாங்கு, கடையில் ரொம்ப நாள் கிடந்ததில் மை இறங்காது.

அன்புடன்,
அம்மா