பிட்காயின் வகுப்புகளில் முதற்பாடம் எது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம்மவர்களுக்குத் தமிழிலேயே பிட்காயின் என்னும் மின்னிலக்க நாணயத்தை அறிமுகப்படுத்தும் வகுப்புகளைப் பட்டர்வொர்த் வட்டாரத்தில் சிலர் ஆர்வத்தோடு நடத்தி வருகிறார்கள். அவர்களின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. பாடங்களின் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. நான் சென்றிருந்த வகுப்பில் விலை வரைபடம் திரையை விட்டு அகலவே இல்லை. நாணயங்களைத் திறக்கும் சாவியாகப் பணப்பைச் செயலி தரும் பன்னிரண்டு மீட்புச் சொற்களைப் பற்றிய பேச்சு வந்தபோது தேநீர் வேளையும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மையார் அந்தச் சொற்களைப் படம் பிடித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று மகனுக்குப் புலனத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். நான் எடுத்துச் சொன்ன பிறகு அந்தப் பணப்பையைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான பிட்காயின் கட்டுரையின் மையக் கருத்தே, வங்கி போன்ற இடையாள் இல்லாமல் ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பலாம் என்பதுதான். இடையாள் இல்லையென்றால் முறையிடுவதற்கு முகப்பும் இல்லை. மீட்புச் சொற்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவரே அந்த நாணயங்களை நகர்த்த முடியும். அவை தொலைந்தால் நாணயங்களும் எட்டாமல் போகும். அந்தப் பொறுப்பை ஏற்க அஞ்சி எல்லாவற்றையும் பரிவர்த்தனை நிறுவனத்திடமே விட்டுவைத்தவர்கள், 2014இல் மவுண்ட் காக்ஸும் 2022இல் எஃப்டிஎக்ஸும் சரிந்தபோது தவித்ததை நாம் பார்த்தோம். மொத்தமே 21 மில்லியன் நாணயங்கள்தான் உருவாகும் என்பதை எல்லா வகுப்பிலும் அழுத்திச் சொல்கிறார்கள். அதைவிட, மீட்புச் சொற்களை நாமே காக்க வேண்டும் என்பதே அவசரமான செய்தி.

ஆகவே, ஒரு வெள்ளியும் போடுவதற்கு முன், மீட்புச் சொற்களைப் போன்ற இரகசியச் சாவியைக் காக்கும் பழக்கத்தை, நோஸ்டர் போன்ற பரவலாக்கப்பட்ட (ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத) சமூக வலைத்தளத்தில் பழக்கலாம் என்பது என் யோசனை. 2020இல் தோன்றிய அதில் கணக்கு தொடங்கத் தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ தேவையில்லை. பொதுச் சாவி ஒன்றும் இரகசியச் சாவி ஒன்றும் கொண்ட ஒரு சாவி இணையை உருவாக்கிக்கொண்டால் போதும். ‘என்பப்’ என்று தொடங்கும் சாவியை ஊருக்கே சொல்லலாம். ‘என்செக்’ என்று தொடங்கும் 63 குறிகள் கொண்ட சாவியை ஒருவரிடமும் சொல்லக்கூடாது. பதிவுகள் அந்த இரகசியச் சாவியால் கையொப்பமிடப்பட்டு ‘ரிலே’ எனப்படும் பல சேவையகங்களுக்குச் செல்வதால், ஒன்று மூடப்பட்டாலும் கணக்கு போய்விடாது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்துவதற்குப் பொத்தானும் கிடையாது. இங்கே சாவியைத் தொலைத்தால் போவது கணக்கு மட்டுமே, சேமிப்பு அல்ல. (ஒரு முறை வெளியிட்டதை எல்லா ரிலேக்களும் அழித்துவிடும் என்ற உறுதி இல்லை என்பதையும் இளையோருக்குச் சொல்லிவைப்பது நல்லது.) 2016இல் வந்த மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளமும் பரவலாக்கப்பட்டதே என்றாலும், அதில் நம் கணக்கு ஒரு சேவையகத்தின் நிர்வாகியிடம் இருக்கிறது, கடவுச்சொல்லை மாற்றித் தர வழியுண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் புதியவர்கள் குழம்பித்தான் போவார்கள்.

பிட்காயின் நம் நாட்டில் சட்டப்படி செல்லுபடியாகும் பணமன்று என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் நிலைப்பாடு. வாங்க விரும்புவோர் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற தளங்களையே நாட வேண்டும். ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏமாந்து வங்கியிலிருந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழைக்கலாம். ஆனால் அந்தப் பணம் பிட்காயினாக மாறி வேறொருவர் சாவிக்குப் போய்விட்டால், அந்தப் பரிமாற்றத்தைத் திருப்பிப் போட எவராலும் இயலாது.

வகுப்பு நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் நாளில் எவரையும் எதையும் வாங்கச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் நோஸ்டர் சாவியைத் தாளில் எழுதட்டும். பிறகு கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டு, அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு தம் கணக்கை மீண்டும் திறந்து காட்டட்டும். திறக்க முடிந்தவர்களுக்கு மட்டும் மறுவாரம் பணப்பையைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு