பிறகு பேசலாம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீ விட்டுப்போன புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினேன். அடுக்கும்போது ஒன்றைத் திறந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மனச்சிக்கல்களைப் பற்றி உளப்பகுப்பாய்வு மருத்துவர் கேரன் ஹார்னை 1950-இல் எழுதிய ‘நியூரோசிஸ் அண்ட் ஹியூமன் குரோத்’. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்கு நான்கு பக்கம் வீதம் மூன்றாவது அத்தியாயத்துக்கு வந்திருக்கிறேன்.

போனில் கேட்டால் ‘ஒன்றுமில்லை அப்பா, வேலை அதிகம்’ என்கிறாய். சரி. இரவில் கண் விழித்துப் படிக்காதே. அதிலும் இந்த மாதிரிப் புத்தகங்களை இரவில் தனியாக உட்கார்ந்து படிக்காதே.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் பழக்கம் பற்றி எழுதிய அத்தியாயத்தை எனக்கு வாசித்துக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? 1890-இல் வந்த அந்தத் தடித்த புத்தகத்தை என் மகள் படிக்கிறாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பிறகு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மனநோயின் பெயரைச் சூட்டினாய். உன் அம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

அந்த ஜேம்ஸ் மனம் இருண்டு கிடந்தது 1870-இல். அப்போது அவருக்கு 28 வயது. உன் வயதுதான். ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரைப் படித்துவிட்டு, மனிதனுக்குச் சுயேச்சை உண்டு என்று நம்புவதே தன் முதல் சுயேச்சைச் செயல் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மூன்று வருடம் கழித்து ஒருநாள் அவர் தன் அப்பாவிடம் வந்து, போன வருடம் எப்படி இருந்தேன், இப்போது எவ்வளவு தேறிவிட்டேன் என்று தானாகவே சொன்னாராம். அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். அந்த அப்பா கொடுத்துவைத்தவர்.

உன் சித்தப்பாவும் இப்படித்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். அதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நேரத்துக்குத் தூங்கு.

மூன்றாவது அத்தியாயத்தில் ஹார்னை ஒரு பட்டியல் தருகிறார். இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று ஒருவர் தன்மேல் தானே சுமத்திக்கொள்ளும் கட்டளைகள். பெற்றோரை நேசித்தாக வேண்டும் என்பதும் அதில் ஒன்று. அதன் கீழே உன் பென்சில் கோடு இருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். இல்லை. ஒருபோதும் மனம் புண்படக் கூடாது, எப்போதும் கலங்காமல் இருக்க வேண்டும் என்ற இடத்தில் இரண்டு கோடுகள். தாளின் மறுபக்கம் தடவினால் விரலில் தட்டுப்படும் அளவுக்கு அழுத்தி.

அந்தக் கட்டளையை உனக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பன்னிரண்டு வயது. உன் தோழி உன்னோடு பேசுவதை நிறுத்திய அன்று அழுதுகொண்டே என்னிடம் வந்தாய். ‘முகத்தைக் கழுவிக்கொண்டு வா, பிறகு பேசலாம்’ என்றேன். கழுவிக்கொண்டு வந்தாய். முன்னால் விழுந்த முடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் புத்தகத்தை எடு என்றேன். நீ எடுத்தாய். அழுகிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை அம்மா, பயந்துபோனேன். அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. அதற்குப் பின் நீ என் எதிரில் அழுததும் இல்லை. என் மகள் தைரியசாலி என்று இத்தனை வருடமும் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஹார்னை 1942-இல், ஒருவர் தன்னைத் தானே ஆராய்ந்துகொள்வது பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அதுவும் உன் அலமாரியில் இருக்கிறது. முடியும் என்கிறார், அதற்கு எல்லை உண்டு என்றும் சொல்கிறார். படி. ஆனால் புத்தகத்தோடு மட்டும் இருந்துவிடாதே. மருத்துவரோ தோழியோ, யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. சொன்னால், முகம் கழுவிக்கொண்டு வா என்று சொல்ல மாட்டேன்.

இரவில் படிக்காதே.

நீ கோடு போட்ட அந்தப் புத்தகத்தை அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? அதையாவது ஒரு வரி எழுது.

அப்பா